ஓடாத காரின் கிலோமீட்டர்

இஷ்தியாக் அகமது கான்டெசா வாங்கிய வருஷம் ஆம்பூரில் தோல் ஏற்றுமதி நன்றாக இருந்தது. கார் வந்த அன்று தெருவே வாசலில் நின்றது. அதைவிடப் பெரிய கூட்டம், கார் ஓடுவதில்லை என்ற செய்தி பரவிய பிறகு வந்தது.

காரணம், சிகாகோவில் இருந்த தம்பி மகன் வக்கார். அங்கே கார் கம்மியாக ஓடினால் இன்சூரன்ஸும் கம்மி என்று போனில் சொல்லிவிட்டான். பதனிட்ட தோலைச் சதுர அடி கணக்கில் அளந்து பில் போடுகிற இஷ்தியாக் அகமதுவுக்கு அது உடனே விளங்கியது. அளவு குறைந்தால் பில் குறையும். அமெரிக்காவே கடைசியில் தோல் மண்டி நியாயத்துக்கு வந்துவிட்டது என்று பிரமித்தார். அந்த நியாயம் வேலூர் இன்சூரன்ஸ் ஆபீஸில் செல்லுமா என்று யாரையும் கேட்க அவருக்குத் தோன்றவில்லை.

அன்றிலிருந்து காரின் மீட்டருக்கு மரியாதை கூடியது. ஜெர்மனிக்குப் போகும் மெல்லிய ஆட்டுத்தோலில் அதற்கு ஓர் உறை தைத்துப் போட்டார். விருந்தாளிகள் செருப்பைக் கழற்றிவிட்டுக் காருக்குள் குனிவார்கள். அவர் உறையை விலக்குவார். எண்கள் போன மாதம் இருந்த இடத்திலேயே இருக்கும். மாஷா அல்லா என்று முணுமுணுத்தபடி வெளியே வருவார்கள். ஆம்பூரில் கார் ஓட்டத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர். ஓட்டாமல் இருக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

அவர் மனைவி வஜீதாவுக்கு மட்டும் பஸ். வாணியம்பாடியில் அக்கா சைராவின் வீட்டுக்கு அவள் கசங்கிப்போய் இறங்கும்போதெல்லாம், பஸ்ஸில் கூட்டம் ஜாஸ்தியா என்று அங்குள்ள பெண்கள் மிகுந்த அக்கறையோடு விசாரிப்பார்கள். சைராவின் மகள் புஷ்ராவுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் வஜீதா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

"கார்ல போறதுன்னா வர்றேன். இல்லன்னா நீங்க மட்டும் போய்ட்டு வாங்க."

இஷ்தியாக் அகமது யோசித்தார். அவர் ஃபேக்டரியில் பச்சைத்தோல் வந்து இறங்கும் மேடை, லாரியின் தளத்துக்குச் சம உயரம். கல்யாணத்தன்று டிரைவர் ஷபீ காரை மேடையில் ஏற்றி, அங்கிருந்து லாரிக்குள் விட்டு, சக்கரங்களைக் கயிறு போட்டுக் கட்டினான். சக்கரம் சுற்றாது; மீட்டரும் சுற்றாது. லாரியின் டீசல் ஃபேக்டரி கணக்கு, ஆகவே அது செலவே இல்லை.

ஜரிகைப் புடவையில் வஜீதா பின் சீட்டில் உட்கார்ந்திருக்க, லாரி நெடுஞ்சாலையில் ஊர்வலம்போலப் போனது. பஸ் ஜன்னல்களிலிருந்து தலைகள் நீண்டன. ஷாதி மகால் வாசலில் மாப்பிள்ளைக்காகக் காத்திருந்தவர்கள் மாப்பிள்ளையை மறந்தார்கள். மாடியிலிருந்து எட்டிப் பார்த்த பெண்களுக்கு வஜீதா நேருக்கு நேர் தெரிந்தாள். வாணியம்பாடியில் அதுவரை யாரும் அந்த உயரத்தில் காரில் வந்ததில்லை.

சைரா மூக்கைப் பொத்திக்கொண்டு அண்ணாந்தாள். "இன்னாடி இது, மாட்டுத்தோலோட வந்துட்டே?"

"தோலை நேத்தே எறக்கிட்டாங்க ஆபா. இன்னிக்கு நான் மட்டுந்தான்."

மகாலில் ஏது தோல் மேடை? பிரியாணி தேக்சா ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் கால் வைத்துத்தான் அவள் இறங்கினாள்.

அடுத்த மாதம் இன்சூரன்ஸைப் புதுப்பிக்க வேலூருக்கும் கார் லாரியில்தான் போனது. கண் டாக்டரைப் பார்க்க வஜீதாவும் ஏறிக்கொண்டாள். டாக்டர் வேலை முடிந்ததும், இன்சூரன்ஸ் ஆபீஸ் வாசலில் இஷ்தியாக் அகமது வற்புறுத்தவே, அதிகாரி ஜெயகரன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு லாரியில் ஏறி, உறை விலகிய மீட்டரைப் பார்த்தார். தோல் நல்ல தோல் என்றார். பிறகு, இந்த வருஷம் இருபது சதவீதம் குறையும் என்று தெரிவித்தார். கேட்டீர்களா என்பதுபோல இஷ்தியாக் அகமது தெருவைப் பார்த்துத் தலையசைத்தார்.

வஜீதா கார் கண்ணாடியை இறக்கினாள். "சார், கார் நல்லா ஓடியிருந்தா எவ்ளோ கொறச்சிருப்பீங்க?"

"அதே இருபதுதாம்மா. எங்கயும் இடிச்சிட்டு எங்ககிட்ட பணம் கேக்கல இல்ல, அதுக்குத்தான். ஓடுறத நாங்க பாக்குறதில்ல."

பிறகு வஜீதா ஷபீயைக் கூப்பிட்டு, ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் சரக்கு மேடை இருக்கும், அங்கே போய்க் காரை இறக்கு என்றாள்.

வாங்கி வந்த பிறகு கான்டெசா முதல்முறையாக நெடுஞ்சாலையில் தன் காலில் ஓடியது. முன் சீட்டில் இஷ்தியாக் அகமது உட்கார்ந்திருந்தார். பள்ளிகொண்டா அருகே, பழக்கத்தில், உறையை விலக்கினார். கடைசி ஒன்பது மெல்லப் புரண்டது. பக்கத்து ஒன்பதையும் இழுத்துக்கொண்டு, இரண்டும் ஒன்றாகப் பூஜ்யமாயின. இவ்வளவு நாள் காவல் இருந்தும் அது புரள்வதை அவர் பார்த்ததே இல்லை.

"மாஷா அல்லா," என்றார்.

ஆம்பூர் வந்தது. வீட்டுப் பக்கம் திருப்ப ஷபீ வேகத்தைக் குறைத்தான்.

"நேரா விடு ஷபீ," என்றாள் வஜீதா. "ஆபா வீட்டுக்கு."

இஷ்தியாக் அகமதுவின் காதில் அது விழுந்ததாகவே தெரியவில்லை. அடுத்த ஒன்பதுக்காகக் குனிந்தபடி காத்திருந்தார்.