பக்கத்து சீட்டு மாஸ்டர்

என் வீட்டுக்காரர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். எங்கள் ஊரில் கார் ஓட்டத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கியவர்கள். டாக்டர், வக்கீல், கோழிக்கடைக்காரர் எல்லோருக்கும் அவர் மாஸ்டர். எனக்குக் கோபம் வந்தால் நானும் மாஸ்டர் என்றுதான் சொல்வேன். அதனால் பெரும்பாலும் அப்படித்தான் சொல்கிறேன்.

எங்களிடம் இருப்பது ஒரே வண்டி, ஸ்கூல் வண்டி. பக்கத்து சீட்டின் காலடியில் மாஸ்டருக்கென்று தனியாக ஒரு கிளட்ச், ஒரு பிரேக். காலையில் முதல் மாணவர் வாசலுக்கே வந்து வண்டியை எடுப்பார். சாயங்காலம் கடைசி மாணவர் கொண்டுவந்து விடுவார். நடுவில் குடும்பம் எங்கேயாவது போகவேண்டுமென்றால், யாராவது ஒருத்தரைப் பிடித்து "இன்னைக்கு உங்களுக்கு ஹைவே கிளாஸ்" என்று சொல்லிவிடுவார். என் தங்கை கல்யாணத்துக்கு எங்களைக் கூட்டிப்போனவர் ஒரு பல் டாக்டர். அவருக்கு அன்றுதான் மூன்றாவது கியர் அறிமுகம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சாப்பாட்டு மேஜைகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். பிரசவ வலியோடு நான் ஆஸ்பத்திரிக்குப் போன அன்று ஓட்டியவர் ஒரு பேங்க் மேனேஜர். வழியெல்லாம் என்னைவிட அவர்தான் அதிகமாகக் கத்தினார்.

கல்யாணமான புதிதில் மாஸ்டர் ஒரு வாக்குக் கொடுத்தார். கடற்கரைச் சாலையில் என்னைக் கூட்டிப்போவாராம். வழியில் இருக்கிற பழைய ஊர்களையெல்லாம் காட்டி, கடைசியில் முனையில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிற கோட்டை ஊர்வரைக்கும் போவோமாம். என் தலை பாதி நரைத்துவிட்டது, நாங்கள் இன்னும் அந்தச் சாலைப் பக்கமே திரும்பவில்லை. அவ்வளவு தூரம் ஓட்டுகிற அளவுக்கு ஒரு மாணவர் தேறினால் அவருக்கு லைசென்ஸ் வந்துவிடுகிறதே!

எனக்குச் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டுப் பார்த்தேன். "பார்க்கலாம்" என்றார். அடுத்த வருடம் கேட்டேன், அப்போதும் பார்க்கலாம். ஊரில் இருக்கிற ஆள் அத்தனை பேரையும் பார்த்தவருக்கு என்னைப் பார்க்க நேரமில்லை. போன வருடம் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நேரே போய் எதிர்த் தெரு ஸ்கூலில் சேர்ந்துவிட்டேன்.

எதிர்த் தெருக்காரர் யார் என்றால், மாஸ்டரின் பரம எதிரி. அந்த ஆளின் பெயரை எங்கள் வீட்டில் யாரும் உச்சரிப்பதில்லை, 'அவன்' என்றால் போதும். மாஸ்டர் காலை வகுப்புக்குக் கிளம்பியதும் நான் முகத்தில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கிளம்புவேன். ஒரு நாள் ரவுண்டானாவில் இரண்டு வண்டியும் நேருக்கு நேர் வந்துவிட்டன. மாஸ்டர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "இண்டிகேட்டர் எதுக்கும்மா வச்சிருக்கான், அழகுக்கா?" என்று என்னைப் பார்த்துக் கத்தினார். நான் துப்பட்டாவை இன்னும் மேலே இழுத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினேன். மத்தியானம் சாப்பிடும்போது அந்தக் கதையை என்னிடமே சொன்னார். "முகத்தை மூடிக்கிட்டு ஒரு அம்மா ஓட்டுது பாரு, அவன்கிட்ட கத்துக்கிட்டா அப்படித்தான்" என்றார். நான் குழம்பு ஊற்றினேன்.

லைசென்ஸ் வாங்கிவிட்டேன். அதை மூக்குக்கண்ணாடி டப்பாவுக்குள் ஒளித்து வைத்திருந்தேன். வெளியே காட்ட முடியுமா? மாஸ்டர் பெண்டாட்டியே அவனிடம்தான் கற்றுக்கொண்டாள் என்று தெரிந்தால் அப்புறம் யார் மாஸ்டரிடம் வருவார்கள்? ஸ்கூலை இழுத்து மூடவேண்டியதுதான்.

இப்படி இருக்கும்போதுதான் என் நாத்தனார் லீவுக்கு வந்தாள். "அண்ணி இன்னும் கடலே பார்க்கலையா? நல்லா இருக்கு கூத்து!" என்று அண்ணனை ஒரு பிடி பிடித்து, அன்றைக்கே டிரைவரோடு ஒரு வாடகைக் காருக்குச் சொல்லிவிட்டாள். காலையில் கிளம்பி, கோட்டை ஊரைப் பார்த்துவிட்டு, இருட்டுவதற்குள் திரும்புவதாகத் திட்டம். என் வாழ்நாளில் முதல் தடவையாக, ஓட்டத் தெரிந்த ஒருவர் ஓட்டும் காரில் ஏறினேன்.

டிரைவர் என் வீட்டுக்காரரைவிட வயதில் மூத்தவர், மரியாதையான மனிதர். மாஸ்டர் பழக்க தோஷத்தில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். வண்டி தெருமுனை திரும்புவதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

"கிளட்ச்சை மெதுவா விடு தம்பி."

"சரிங்க சார்."

"கண்ணாடியைப் பாரு. பார்த்தியா?"

"பார்த்தேன் சார்."

"பார்த்த மாதிரி தெரியலையே."

அவருடைய இரண்டு காலும் இல்லாத கிளட்ச்சையும் இல்லாத பிரேக்கையும் மிதித்துக்கொண்டே வந்தன. டிரைவர் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, "அந்தப் பக்கம் பிரேக் கிடையாது சார்" என்றார். "தெரியும், நீ போடறியான்னு பார்க்கிறேன்" என்றார் இவர்.

முதலில் ஒரு கடற்கரை வந்தது. வெயில் பளீரென்று அடித்தது. தண்ணீர் கரையோரம் பச்சையாகவும் தள்ளி நீலமாகவும் இருந்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன் பாருங்கள், என் வயதுக்கு அது அதிகம்தான். அலை காலைத் தொட்டதும் சின்னப்பிள்ளை மாதிரிக் கத்தினேன். நாத்தனார் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "அண்ணி, அதே மாதிரி இன்னொரு தடவை கத்துங்க" என்றாள். மாஸ்டர் கரையில் நின்று, மணலில் டயர் மாட்டினால் எந்த கியரில் எடுக்கவேண்டும் என்று டிரைவரைக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்தது ஒரு பழைய துறைமுக ஊர். மணிக்கூண்டு, கல் பாவிய தெருக்கள், மஞ்சள் சுவர்கள், மாடியில் காயப்போட்ட துணிகள், எல்லாம் பார்க்கப் பார்க்க அழகு. மாஸ்டர் ஒரு செங்குத்தான சந்தின் அடியில் நின்று உருகிப்போனார். "ஆகா! மேட்டுல நிறுத்தி எடுக்கப் பழகறதுக்கு இதைவிட இடம் கிடைக்குமா?" என்றார். நகரவாசலில் ஒரு வழிகாட்டி, எதிரிகளின் படை நுழைய முடியாதபடி இந்த வாசலைக் குறுகலாகக் கட்டினார்கள் என்று விளக்கிக்கொண்டிருந்தார். மாஸ்டர் குறுக்கே புகுந்து, ரெண்டு பக்கக் கண்ணாடியையும் மடக்கிவிட்டால் தாராளமாக நுழையலாம் என்றார். அந்த மனிதர் முகத்தில் ஈயாடவில்லை. நான் மாஸ்டரைத் தெரியாதவள் மாதிரி ஒரு தொப்பிக் கடைக்குள் நுழைந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு சாலை மலையோரமாக ஏற ஆரம்பித்தது. ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் கிடுகிடு பள்ளம், அடியில் கடல். மாஸ்டரின் பாடமும் ஏறிக்கொண்டே போனது. ஒரு வளைவில் எதிரே லாரி வந்தது. டிரைவர் பதற்றமே இல்லாமல் ஒதுங்கினார். ஆனால் மாஸ்டரின் கால் பிரேக்கைத் தேடியது, கிடைக்கவில்லை. உடனே கை போய் ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து இழுத்துவிட்டது. வண்டி கிறீச்சென்று ஒரு அரைச் சுற்றுச் சுற்றி, சாலையோரம் காட்சி பார்க்கிற இடத்தின் கைப்பிடிச் சுவருக்கு முன்னால் போய் நின்றது.

டிரைவர் இறங்கினார். சாவியைத் துடைத்து மாஸ்டர் கையில் வைத்தார். "சார், நீங்க பெரிய மனுஷன். நீங்களே ஓட்டிக்குங்க. எனக்குப் பிள்ளைகுட்டி இருக்கு" என்றார். ஊர்ப்பக்கம் போன ஒரு மீன் லாரியைக் கைகாட்டி நிறுத்தினார், ஏறினார், போய்விட்டார்.

நாத்தனார் வாடகைக் கம்பெனிக்குப் போன் போட்டாள். வேறு ஆளை அனுப்புகிறார்களாம், ஆனால் சாயங்காலம் ஆகிவிடுமாம். அப்படியென்றால் வந்தவுடன் வீட்டுக்குத் திரும்பவேண்டியதுதான். நான் சுவரோரம் போய் நின்றேன். தூரத்தில், நிலம் கடலுக்குள் விரலை நீட்டின மாதிரி இருந்த இடத்தில், கோட்டை ஊர் தெரிந்தது. பழுப்பு மதிலும், அதற்குமேல் சிவப்பு ஓடுகளும். இவ்வளவு வருடம் காத்திருந்து இவ்வளவு பக்கத்தில் வந்து திரும்பிப் போவதா? எனக்கு அழுகை அழுகையாக வந்தது.

"ஏன் அண்ணி கவலைப்படறீங்க? அண்ணன்தான் மாஸ்டராச்சே!" என்று சொல்லிவிட்டுப் பின்சீட்டில் ஏறி, பாட்டுக் கேட்க இரண்டு காதிலும் இயர்போனை மாட்டிக்கொண்டாள் நாத்தனார்.

மாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஸ்டீயரிங் பக்கம் ஏறினார். சீட்டை முன்னே இழுத்தார், பின்னே தள்ளினார். கியர் போட வழக்கமான கையை நீட்டினார், அது கதவில் இடித்தது. சாவியைத் திருப்பினார். வண்டி ஒரு துள்ளுத் துள்ளி நின்றது. மறுபடி திருப்பினார். இன்னொரு துள்ளல், இப்போது சுவர் இன்னும் பக்கத்தில். "கிளட்ச் தேஞ்சுபோச்சு. வாடகை வண்டின்னா இப்படித்தான்" என்றார். நெற்றியெல்லாம் வியர்வை.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இந்த மனிதர் ஸ்டீயரிங் பக்கம் உட்கார்ந்து நான் எப்போது பார்த்தேன்? பார்த்ததே இல்லை. பக்கத்து சீட்டில் இருப்பது கிளட்ச்சும் பிரேக்கும்தான். ஆக்சிலரேட்டர் கிடையாது. இவர் கால் இத்தனை காலமாக வண்டியை நிறுத்தி நிறுத்தியே பழகியது, அதற்கு வண்டியை நகர்த்தவே மறந்துவிட்டது.

இறங்கி என்னிடம் வந்தார். தன் தங்கைக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஏம்மா, எனக்கு இந்தப் பக்கம் வரலை" என்றார்.

காலையிலிருந்து அவர்மேல் எனக்கு இருந்த எரிச்சலெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை, பாவமாக இருந்தது. அதே நேரம் அந்தச் சிவப்பு ஓடுகளும் கண்ணில் பட்டன. வந்தது வரட்டும் என்று கைப்பையைத் திறந்து மூக்குக்கண்ணாடி டப்பாவை எடுத்தேன்.

அவர் லைசென்ஸை வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். என் முகத்தையும் பார்த்தார்.

"யார்கிட்ட?"

"அவன்கிட்டதான்."

நான் பதிலுக்குக் காத்திருக்கவில்லை, ஸ்டீயரிங் பக்கம் ஏறிவிட்டேன். அவர் கொஞ்ச நேரம் வெயிலில் நின்றுவிட்டு, பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தார். ரிவர்ஸ் எடுத்து, வண்டியைத் திருப்பி, சாலைக்குக் கொண்டுவந்தேன். முதல் வளைவில் ஹாரனை விடாமல் அடித்தேன். மூன்றாவது வளைவில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜன்னல் வழியாகக் காற்று வந்து முடியைக் கலைத்தது, கூடவே கடலும் வந்துகொண்டிருந்தது. இதற்கு முன்னால் நான் இவ்வளவு சந்தோஷமாக இருந்த நாளை யோசித்துப் பார்த்தேன், சட்டென்று எதுவும் நினைவுக்கு வரவில்லை.

ரொம்ப நேரம் கழித்து மாஸ்டர் வாயைத் திறந்தார். "அன்னிக்கு ரவுண்டானால..."

"நான்தான்."

"இண்டிகேட்டர் போட்டிருக்கணும்."

"இப்ப போடறேன் பாருங்க" என்று இண்டிகேட்டர் போட்டு, கோட்டை ஊரின் வாசலுக்கு வெளியே, மதில் நிழலில் வண்டியை நிறுத்தினேன். இரண்டு வண்டிகளுக்கு நடுவே, ஒரே மூச்சில். ஒருத்தரும் கைதட்டவில்லை.

நாத்தனார் இயர்போனைக் கழற்றிவிட்டு, "அண்ணி, நீங்க ஓட்டினதை வீடியோ எடுத்திருக்கேன்! குடும்ப குரூப்ல போடப் போறேன். எங்க கத்துக்கிட்டாங்கன்னு எல்லாரும் கேட்பாங்களே, என்ன போடட்டும்?" என்றாள்.

"நம்ம ஸ்கூல்னு போடு" என்றார் மாஸ்டர், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ! அவர் கையைப் பிடித்து மதில்மேல் ஏறும் படிக்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனேன். அந்த ஊரின் அழகையெல்லாம் அப்புறம்தான் பார்த்தேன். முதலில் அவரைப் பார்த்துக் கத்தினேன். "நம்ம ஸ்கூலா? எந்த நம்ம ஸ்கூல்? எத்தனை வருஷம் நாய் மாதிரி உங்க பின்னாடி அலைஞ்சிருப்பேன்? கோழிக்கடைக்காரருக்குச் சொல்லிக்கொடுத்தீங்க, அவர் மச்சானுக்குச் சொல்லிக்கொடுத்தீங்க, எனக்கு மட்டும் என்ன?"

பீரங்கி வைக்கிற ஓட்டை வழியாக அவர் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். காது சிவந்திருந்தது.

"கத்துக்கிட்டவங்க யாருமே அப்புறம் என் வண்டியில ஏறினதில்லம்மா" என்றார். "ரோட்டுல பார்த்தா ஹாரன் அடிச்சுட்டுப் போயிடுவாங்க. நீயும் ஓட்டக் கத்துக்கிட்டா... ஒரு நாள் என் மேல கோவத்துல உன் பாட்டுக்குக் கிளம்பிப் போயிடுவியோன்னு பயம்."

இதையா இந்த மனிதர் இத்தனை வருடம் மனதில் வைத்துக்கொண்டு 'பார்க்கலாம்' 'பார்க்கலாம்' என்று சொல்லிக்கொண்டிருந்தார்? சிரிப்பதா, மண்டையில் ஒன்று போடுவதா என்று தெரியவில்லை. கண்ணில் தண்ணீர் வேறு வந்து தொலைத்தது.

"போகணும்னு நினைச்சிருந்தா பஸ்ல போயிருப்பேனே!" என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பினார். கொஞ்ச நேரம் நிஜமாகவே யோசித்தார்.

"ஆமாம்ல? அது எனக்குத் தோணவே இல்லை" என்றார்.