மத்தியானத்துக்கு ஒரு கார்டு

நாத்தனார் அந்தக் காமிராக் கார்டை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். முன்பக்கம் பார்த்தாள், பின்பக்கம் திருப்பினாள், கட்டைவிரல் நகத்தால் ஓரத்தைச் சுரண்டினாள். பிறகு மூக்கருகே கொண்டுபோனாள்.

"அக்கா, அதையெல்லாம் மோந்து பாக்கக் கூடாது," என்றாள் போட்டோக்காரி அடிக்குரலில்.

"ஏன், மோந்தா கெட்டுப் போயிடுமா?"

கடைக்காரர் சிரிப்பை மீசைக்குள் அடக்கிக்கொண்டு கண்ணாடிப் பெட்டியைத் துடைக்க ஆரம்பித்தார். நாத்தனாரைச் சொல்லிக் குற்றமில்லை. இருபத்திரண்டு வருஷமாகச் சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். ஒரு சட்டையைக் கையில் வாங்கி மோந்தாலே, எத்தனை முறை வெளுத்தது, எந்தத் தண்ணீரில் வெளுத்தது என்று சொல்லிவிடுவாள். நகத்தளவு இருக்கும் இந்தக் கறுப்புச் சில்லுக்கு வாசனையும் இல்லை, தையலும் இல்லை. உள்பக்கம் திருப்பிப் பார்க்க வழியும் இல்லை. அதுதான் அவளுக்கு எரிச்சல்.

போட்டோக்காரிக்கு எரிச்சல் இல்லை, பயம். தெருவில் எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். முன்பெல்லாம் அந்தப் பெயரில் ஒரு மரியாதை இருந்தது. நாலு மாதமாக அதைச் சொல்லும்போதே சிலருக்கு உதட்டோரம் கோணுகிறது.

நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு பஸ் ஓட்டுநர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். அதுதான் அவளுக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை. விடிகாலையில் பணிமனைக்கே போய்விட்டாள். அந்த மனிதர் கடைசி நாளன்றும் தன் பஸ்ஸைத் தானே கழுவினார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு அதில் தன் முகத்தைப் பார்த்துத் தலையை ஒதுக்கிக்கொண்டார். மாலையில் மண்டபத்தில் பேச்சு, கைதட்டல், கூட வேலை பார்த்தவர்களின் அழுகை. தொள்ளாயிரம் படம். நடைபாதையில் சல்லிசாக வாங்கிய கார்டு. மேலே 'இருநூற்று ஐம்பத்தாறு ஜி.பி.' என்று தங்க எழுத்தில் போட்டிருந்தது. உள்ளே இருந்ததோ அதில் ஒரு துணுக்கு. அது காமிராவுக்கும் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் திறந்தால், முதல் முந்நூறு படம் பளிச்சென்று இருந்தது. அதற்கப்புறம் வெறும் சாம்பல் கட்டங்கள். மண்டபம் இல்லை, மேடை இல்லை, அழுதவர்கள் யாரும் இல்லை.

வாங்கிய முன்பணத்தையும் மிஞ்சிய படங்களையும் ஒரே உறையில் போட்டு எடுத்துக்கொண்டு போய் அந்த வீட்டு வாசலில் நின்றாள். ஓட்டுநர் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை. அவர் மனைவிதான் உறையை வாங்கிக்கொண்டு, "சரிம்மா, போயிட்டு வா," என்றாள்.

அதோடு போனும் அடங்கிவிட்டது. போட்டோக்காரியின் வீட்டுக்காரர் கப்பலில் சமையல்காரர். வருஷத்தில் பாதி நாள் தண்ணீர் மேல். "விடு, வந்து பாத்துக்கலாம்," என்று அங்கிருந்தே ஆறுதல் சொன்னார். நாத்தனாருக்கு அப்படியெல்லாம் ஆறுதல் சொல்ல வராது. "சும்மா உக்காந்து சுவத்தை முறைக்காத. கடைக்கு வா, துணி மடி," என்று இழுத்துக்கொண்டு போனாள். நாலு மாதமாகத் துணிதான் மடிக்கிறாள்.

போன வாரம் போன் அடித்தது. அந்த ஓட்டுநரின் மனைவி. அவள் பிரசவ வார்டில் நர்ஸ் என்பதே போட்டோக்காரிக்கு அப்போதுதான் தெரியும்.

"எனக்கும் வர்ற வெள்ளிக்கிழமை கடைசி நாள்மா. நீதான் வந்து எடுக்கணும்."

"நானா? அம்மா, அன்னிக்கு நடந்தது…"

"நடந்தது தெரியும். மேடையில மைக் புடிச்சு நிக்கிற படம் ஊர்ல எல்லார் போன்லயும் இருக்கு. அவரு பஸ்ஸைத் தொடச்சிட்டுத் தலைய ஒதுக்கினாரே, அது உங்கிட்ட மட்டும்தான் இருந்துச்சு. அதைத்தான் சட்டம் போட்டு மாட்டியிருக்கோம். தினம் அது முன்னாடி நின்னு மறுபடியும் தலைய ஒதுக்கிக்கிறாரு மனுஷன்."

போட்டோக்காரி போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"ஆறு மணிக்கு வார்டுக்கு வந்துடு. நான் கை கழுவுறதுலேருந்து எடு. எல்லார்கிட்டயும் கேட்டு வெச்சிருக்கேன், வேணாம்னு சொன்னவங்க பக்கம் மட்டும் திரும்பாத. ரெண்டு மணிக்குச் சாவிய ஒப்படைப்பேன். அப்புறம் டீ, அவரும் வருவாரு. ஒண்ணே ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோ. அன்னிக்குக் காலைய மட்டும் பத்திரமாக் குடுத்த. இந்தத் தடவை மத்தியானத்தையும் சேத்துக் குடு."

அதனால்தான் இந்தக் கடை, இந்தக் கண்ணாடிப் பெட்டி, இந்த மோப்பம்.

"நூத்தியிருபத்தெட்டு எடுத்துக்குங்க," என்றார் கடைக்காரர். "ஒரு கல்யாணத்தையே அடக்கிடும். நடுவுல கார்டு மாத்துற வேலையே இல்ல."

"அது கெட்டுப்போனா?" என்றாள் நாத்தனார்.

"கெடாதுங்க."

"அன்னிக்கு வித்தவனும் இப்படித்தான் சொன்னான்."

"அக்கா…"

"நீ சும்மா இரு. ஏங்க, எங்க கடைக்கு ஒரு வீட்டுத் துணி பூராவும் வந்தா ஒரே மூட்டையாக் கட்ட மாட்டோம். ரெண்டாத்தான் கட்டுவோம். ஒண்ணு தொலைஞ்சாலும் உடுத்திக்க ஒண்ணு இருக்கும். இதுல சின்னதா ரெண்டு இல்லையா?"

"பதினாறு இருக்கு. யாரும் வாங்கறதில்ல. இவங்க எடுக்கிற பெரிய அளவுக்கு ஐந்நூத்தித் தொண்ணூறு படத்துல நிரம்பிடும். மாத்துறப்பப் பாத்து முக்கியமான நொடி போயிடுச்சுன்னா அப்புறம் என்னைத் திட்டக்கூடாது."

இருவரும் அவளைப் பார்த்தார்கள். பெட்டியில் பெரியது ஒன்று, சிறியது இரண்டு. பெரியதை எடுத்தால் எல்லாம் இருக்கும், அல்லது எதுவுமே இருக்காது. சிறியதை எடுத்தால் நடுவில் ஒரு நிமிஷம் கை வெறுமனே நிற்கும். அந்த ஒரு நிமிஷத்தை நினைத்துப் பெரியதின் பக்கம் கையை நீட்டினாள். சாம்பல் கட்டங்களை நினைத்துக் கையைத் திருப்பிக்கொண்டாள்.

"சின்னது ரெண்டு குடுங்க," என்றாள். "நல்லதான்னு எப்படிக் கண்டுபுடிக்கிறது?"

"நிரப்பிப் பாருங்க. முழுசா நிரப்பி, எல்லாத்தையும் திறந்து பாருங்க, முக்கியமாக் கடைசிப் படம். திறக்கலன்னா நேரா வந்து இந்த நாற்காலியில உக்காந்துக்குங்க, நான் எழுந்துக்கறேன்."

நாத்தனார் முதல் முறையாக அவரை மதிப்போடு ஏற இறங்கப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்ததும் வேலை ஆரம்பமானது. காமிராவின் மூலையில் 590 என்று எண் நின்றது. போட்டோக்காரி சுவரைப் பார்த்துப் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தாள். 581. 574.

"சுவத்தையேவா எடுக்கிற?" என்றாள் நாத்தனார், கூடத்து மேஜையில் துணி விரித்தபடி. "ஒரு கார்டு பூராவும் சுவரா? வெள்ளையடிச்சவன்கூட இத்தனை தடவை பாத்திருக்க மாட்டான்."

"அப்ப நீங்க வந்து நில்லுங்க."

"என் மூஞ்சியா? அதுக்குக் கார்டு பத்தாது."

எப்போதும் சொல்கிற பதில்தான். இந்த வீட்டுக்கு வந்து ஒன்பது வருஷத்தில் நாத்தனாரை ஒரு படம் எடுக்க முடிந்ததில்லை. காமிராவைத் தூக்கினால் முதுகு காட்டுவாள், முறத்தால் முகத்தை மறைப்பாள். முழங்கைக்குக் கீழே இஸ்திரிப் பெட்டி சுட்ட வடுக்கள் வரிசையாக இருந்தன. அதைத்தான் மறைக்கிறாள் என்று போட்டோக்காரி ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"மூஞ்சி வேணாம். கைய எடுத்துக்கறேன்."

"என்னமோ பண்ணு. வேலையக் கெடுக்காத."

நாத்தனார் இஸ்திரி போட்டாள். விரல் நுனியால் தண்ணீரைத் தெளித்தபோது ஒரு படம், ஆவி எழுந்தபோது ஒரு படம், சட்டைக் கழுத்தை இரண்டு விரலால் இழுத்துப் பிடித்தபோது பத்துப் படம். வடுவும் வந்தது, அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. 400. 310. பேச்சு எப்போது ஆரம்பித்தது என்று தெரியவில்லை. ஒரு மாப்பிள்ளைச் சட்டையில் முதுகுப் பக்கம் பெட்டியின் தடம் அப்படியே பதிந்துபோனதும், அவன் கோட்டைக் கழற்றாமலே கல்யாணத்தை முடித்ததும். "வேர்த்து ஊத்துது பாவம், பொண்ணு விசிறுது, இவன் கழட்ட மாட்டேங்கிறான்!" சொல்லிக்கொண்டே நாத்தனார் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். காமிரா முகத்துக்கு நேரே இருந்ததை அவள் மறந்துபோயிருந்தாள். 3. 2. 1.

"நிரம்பிடுச்சு அக்கா."

இருவரும் கம்ப்யூட்டர் முன்னால் தலையோடு தலை முட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். சுவர், சுவர், தண்ணீர்த் துளி, ஆவி, கை. ஒன்றிலும் சாம்பல் இல்லை. கடைசிப் படத்துக்கு வந்தபோது போட்டோக்காரியின் விரல் ஒரு கணம் நின்றது. நாத்தனாரே அவள் விரல் மேல் தன் விரலை வைத்து அழுத்தினாள்.

திரை நிறையச் சிரித்துக்கொண்டிருந்தாள் ஒரு பெண்.

நாத்தனார் திரைக்கு அருகே முகத்தைக் கொண்டுபோனாள். பிறகு, "பல்லு இவ்வளவா தெரியும் எனக்கு?" என்றாள்.

"நல்லாத்தான் இருக்கு."

"நல்லா இல்லன்னு யார் சொன்னா?" படத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல், "இப்ப இதையெல்லாம் அழிச்சிடுவியா?"

"கார்டுலேருந்து அழிக்கணும். கம்ப்யூட்டர்ல ஏத்தி வெச்சுட்டுத்தான்."

"சுவரு வேணாம்," என்றாள் நாத்தனார் கறாராக. எழுந்து போனவள் வேறு புடவை மாற்றிக்கொண்டு, தலையை வாரிக்கொண்டு வந்து நின்றாள். "என்ன பாக்கிற? ரெண்டாவது கார்டையும் நிரப்பிப் பாக்கணும்ல?"

இரண்டாவதும் நல்ல கார்டுதான்.

வெள்ளிக்கிழமைக்கு நாத்தனார் இரண்டு சின்னப் பைகள் தைத்துக் கொடுத்தாள். சலவைக் கடையில் மூட்டைக்கு அடையாளம் வைப்பது போல ஒன்றில் சிவப்பு நூல், ஒன்றில் வெள்ளை நூல். "நிரம்பினது அழுக்கு மூட்டை, செவப்பு. காலி வெளுத்த மூட்டை, வெள்ளை. கலந்து வெச்சேன்னா எங்க கடைல உனக்கு வேலை இல்ல."

"அங்கயே இருக்கணும்னு எனக்கு என்ன வேண்டுதலா?"

"அந்த நெனப்பு இருந்தாச் சரி. கெளம்பு."

ஆறு மணிக்கு நர்ஸ் கை கழுவினாள். முழங்கை வரை சோப்பு, ஒவ்வொரு விரலாக, அவசரமே இல்லாமல். அன்றைக்கென்று பார்த்து மூன்று குழந்தைகள் பிறந்தன. கடைசியாகப் பிறந்தது நிறுவைத் தட்டில் கிடந்து காலை உதைத்து ஊரைக் கூட்டியது. "இரு இரு, உன் எடையக் குறைச்சுச் சொல்ல மாட்டேன்," என்றாள் நர்ஸ். ஒரு தகப்பன் நடைவழியில் நின்று யாரிடம் சொல்வதென்று தெரியாமல் தீயணைக்கும் சிலிண்டரிடம் சிரித்துக்கொண்டிருந்தான். போட்டோக்காரி எடுத்துக்கொண்டே இருந்தாள். நாலு மாதம் துணி மடித்த கை, எதையும் மறந்திருக்கவில்லை.

ரெண்டடிக்கப் பத்து நிமிஷம். பதிவேட்டில் கடைசி வரியை எழுதி மூடிவிட்டு, நர்ஸ் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை அவிழ்த்தாள். அடுத்த ஷிஃப்டுக்கு வந்த சின்ன நர்ஸ் இரண்டு கையையும் நீட்டினாள். போட்டோக்காரி ஒரு படம் எடுத்தாள், இன்னொன்று எடுத்தாள். பொத்தான் அமுங்கவில்லை. மூலையில் பூஜ்யம்.

காமிராவைக் கண்ணிலிருந்து இறக்கினாள். கடைக்காரர் சொன்ன அந்த நொடி, சொன்னபடியே வந்து எதிரில் நின்றது.

"என்னம்மா ஆச்சு?" என்றாள் நர்ஸ்.

"கார்டு… நிரம்பிடுச்சும்மா."

சாவிக்கொத்து சின்ன நர்ஸின் உள்ளங்கைக்கு ஒரு சாண் மேலே நின்றது. நர்ஸ் அதைக் கீழே விடவில்லை, பின்னால் இழுக்கவும் இல்லை.

"மாத்திக்கோ. முப்பத்திநாலு வருஷம் வெச்சிருந்த சாவி. இன்னும் ரெண்டு நிமிஷம் கையில இருந்தா என்ன, தேஞ்சா போயிடும்?"

சின்ன நர்ஸ் நீட்டிய கையோடு சிரித்தாள். கட்டிலில் படுத்திருந்த ஒரு தாய் தலையைத் தூக்கிப் பார்த்தாள். போட்டோக்காரி நிரம்பிய கார்டை எடுத்துச் சிவப்பு நூல் பையில் போட்டு முடிந்தாள். வெள்ளை நூல் பையைப் பிரித்தாள். உள்ளே கார்டோடு, நாத்தனார் மடித்து வைத்திருந்த கைக்குட்டையின் இஸ்திரி வாசனையும் வந்தது. சில்லைப் பொருத்தி மூடியைத் தள்ளினாள். டக்கென்று அது மூடிக்கொண்டது.

காமிராவைக் கண்ணுக்கு உயர்த்தினாள். மூலையில் 590. நடுவில், சன்னல் வெளிச்சத்தில், ஒற்றை விரலில் தொங்கிய சாவிகள் ஒன்றோடொன்று மெல்ல இடித்துக்கொண்டு ஆடின. அவை ஆடி நிற்கும் வரை நர்ஸ் காத்திருந்தாள்.