பாலத்தின் மறுபாதி

டெலவேர் ஆற்றின் மேல் பாலங்களைப் பராமரிக்கும் எங்கள் கமிஷனுக்கு இரண்டு வகைப் பாலங்கள். சுங்கம் வாங்கும் பாலத்துக்குச் சகல மரியாதையும் உண்டு. இலவசப் பாலத்துக்கு ஒரு ஷெட், ஒரு கேட், என்னைப் போல ஒரு காவலாளி. பாலம் தாங்காத லாரிகளைத் திருப்பி அனுப்பி, டிரைவர்களிடம் திட்டு வாங்குவதுதான் என் வேலை.

வெள்ளம் வந்தால் மட்டும் நாங்கள் பெரிய மனிதர்கள். பாலத்தைப் பூட்டுவதற்கு முன் பென்சில்வேனியா பக்கமிருந்து நானும், நியூஜெர்சி பக்கமிருந்து எம்மெட்டும் நடைபாதையில் நடப்போம். நடுவில் மாநில எல்லைத் தகடு. அங்கே நின்று, "என் பாதி காலி" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக் கை குலுக்க வேண்டும். மற்றவன் பாதிக்குள் போய்ப் பார்த்தால் அவனை நம்பவில்லை என்று அர்த்தம். முப்பது வருஷமாக நாங்கள் அதைச் செய்ததில்லை.

அன்று சாயங்காலம் நாலு மணிக்கே தண்ணீர் பாலத்தின் அடியைத் தொட்டுவிட்டது. என் மகள் கோரினுக்கு அக்கரை பேக்கரியில் வேலை. நடந்துதான் வீடு திரும்புவாள். கொட்டுகிற மழையில், மழைக்கோட்டின் தொப்பியை முகம் வரை இழுத்துவிட்டுக்கொண்டு எம்மெட் தகட்டருகே நின்றிருந்தான். கோரினைப் பார்த்தாயா என்று கேட்டேன்.

"என் பாதி காலி," என்றான்.

அவ்வளவுதான். வழக்கமாக வாய் ஓயாத ஆள். கை பனிக்கட்டியாக இருந்தது. அந்த மழையில் யார் கை சூடாக இருக்கும்?

என் பக்கத்துக் கேட்டைப் பூட்டிவிட்டு ஷெட்டுக்குள் நுழைந்ததும் போன் அடித்தது. எம்மெட்.

"லைல், கோச்சுக்காதப்பா. ரோடெல்லாம் தண்ணி, இப்பத்தான் வந்து சேந்தேன். நடுவுல நின்னு என்னைத் திட்டிக்கிட்டிருந்தியா? உன் பொண்ணு பேக்கரியிலேருந்து அப்பவே கிளம்பிட்டாளாமே, வந்துட்டாளா?"

போனைப் போட்டுவிட்டு, கேட்டைத் திறந்து ஓடினேன். தகட்டருகே யாருமில்லை. வெள்ள நாளில் முதல் முறையாக அதைத் தாண்டினேன். அந்தப் பாதியில், இரும்புத் தூணுக்குப் பின்னால், கணுக்கால் பிசகிக் கம்பியைக் கட்டிப்பிடித்தபடி கோரின் உட்கார்ந்திருந்தாள். காலுக்குக் கீழே பாலம் நடுங்கியது. பாவிப் பயலே, கண்ணை மூடிக்கொண்டு நம்பினாயே என்று என்னையே திட்டியபடி அவளைத் தூக்கிவந்தேன்.

இக்கரைக்கு வந்து பூட்டை எடுத்தபோது அவள் என் சட்டையைப் பிடித்தாள்.

"பூட்டாதீங்கப்பா. நடுவுல ஒருத்தர் நிக்கிறாரு. நான் விழுந்தப்பவும் அங்கதான் நின்னாரு. எவ்வளவோ கூப்பிட்டேன், திரும்பவேயில்ல."

பார்த்தேன். தகட்டருகே அதே தொப்பி. குலுக்குவதற்குக் கையை நீட்டியபடி காத்திருந்தான்.

பாலத்தில் ஆள் இருக்கும்போது பூட்டக் கூடாது. எங்களுக்கு இருப்பதே அந்த ஒரு விதிதான்.

"என் பாதி காலி," என்று அவனைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் பூட்டினேன்.