எழுபத்து மூன்று பேர்

ஆட்சேபணை மனுவில் கையெழுத்துப் போட்டவன் நான்தான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எழுபத்தொன்பதாம் வருஷம் குறுவை அறுவடையில் கூலி உயர்வு கேட்டு ஊரே வேலைக்குப் போகாமல் நின்றோம். மிராசுதார் இராஜாங்கம் அசரவில்லை. சிலோனிலிருந்து கப்பலில் திரும்பி வந்த தேயிலைத் தோட்டத்து ஜனங்களை லாரியில் ஏற்றிவந்து, தன் களத்தில் குடிசை போட்டுக் கொடுத்து, கையில் அரிவாளைக் கொடுத்தார். எங்கள் போராட்டம் பத்தே நாளில் செத்தது.

அடுத்து பார்லிமென்ட் தேர்தல் வந்தது. வாக்காளர் பட்டியலைப் பார்த்தால் அவர்களில் எழுபத்து மூன்று பேர், எல்லோருக்கும் இராஜாங்கம் வீட்டுக் கதவு எண்.

"பாத்தியாடா ரெத்தினம்?" என்று சங்கத்துக் காத்தான் பட்டியலை என் மூஞ்சிக்கு நேரே ஆட்டினான். "போன தடவை நம்ம பூத்துல அம்பது ஓட்டுதான் முன்னாடி வந்தோம். இங்க மட்டுமா? கப்பல்ல வந்தவங்க லட்சக்கணக்குல இருக்காங்க. ஒவ்வொரு மிராசும் இப்படி எழுதிக்கிட்டா டெல்லியில யாரு உக்காரணும்னு இவனுங்கதான் முடிவு பண்ணுவானுங்க."

எனக்கும் வயிறு எரிந்துகொண்டிருந்தது. 'இவர்கள் அந்நிய நாட்டார்' என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டேன்.

விசாரணை நோட்டீஸ் குடிசைகளுக்குப் போன மறுநாள் ஒரு பெண் என் வாசலில் வந்து நின்றாள். நாற்பது வயதிருக்கும். களத்துக் குடிசைப் பொன்னுத்தாய்.

"எங்கள அந்நியம்னு எழுதுனது நீங்கதானே?"

"ஆமா. எங்க வயித்துல அடிச்சீங்கள்ல?"

"வேலைநிறுத்தம்னு எங்களுக்கு யாரு சொன்னா? நீங்க வந்து சொன்னீங்களா?" அவள் குரல் தெருவுக்கே கேட்டது. "சிலோன்ல எங்கப்பாவுக்கு ஓட்டு இருந்துச்சு. நீ இந்தியாக்காரன்னு சொல்லிப் புடுங்குனாங்க. இங்க வந்தா நீ சிலோன்காரிங்குறீங்க. நான் நடுக்கடல்ல நின்னு ஓட்டுப் போடவா?"

நான் விடவில்லை. "இந்தியா பாஸ்போர்ட் இருக்கும்ல, காட்டு. மனுவ வாபஸ் வாங்குறேன்."

"அது மிராசுதார் பெட்டியில கெடக்கு. பத்திரமா வைக்கிறேன்னு வாங்குனாரு. அவரு சொல்ற சின்னத்துல குத்துனாத்தான் திரும்பக் குடுப்பாராம்."

விசாரணை எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நடந்தது. தாலுகா ஆபீஸ் அதிகாரி மேஜை போட்டு உட்கார்ந்தார். குடிசைக்காரர்கள் வெயிலில் நின்றார்கள். இராஜாங்கத்தின் காரியக்காரர் பாஸ்போர்ட்டுகளைச் சணல் கயிற்றில் கட்டு கட்டாகக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். அதிகாரி பேர் சொல்லச் சொல்ல, காரியக்காரரே "இருக்காங்கய்யா, இருக்காங்கய்யா" என்று பதில் சொன்னார். பார்த்து முடித்த பாஸ்போர்ட்டெல்லாம் திரும்ப அவர் பைக்குள் போனது.

பொன்னுத்தாய் முறை வந்தது. அவள் மேஜைக்கே போய்விட்டாள்.

"என் பாஸ்போர்ட்ட என் கையில குடுங்கய்யா."

"பாத்தாச்சும்மா, நகரு," என்றார் அதிகாரி.

"பேரு என்னுது, படம் என்னுது. அவரு பைக்குள்ள எதுக்குப் போகுது?"

"ஏய், சோறு போடற கையவே கடிக்கிறியா?" என்று காரியக்காரர் எகிறினார்.

நான் எழுந்தேன். காத்தான் என் வேட்டியைப் பிடித்து இழுத்தான். "டேய், உக்காருடா!"

"மனு குடுத்தவன் நான்தாங்கய்யா," என்றேன். "அவங்கவங்க பாஸ்போர்ட்ட அவங்கவங்க கையில குடுங்க. குடுத்துட்டா எனக்கு ஆட்சேபணை இல்ல. இந்த ஆளுகிட்ட குடுக்கிறதா இருந்தா ஒரு பேரையும் விடமாட்டேன். எழுபத்து மூணுக்கும் தனித்தனியா விசாரணை கேப்பேன்."

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் நாலு ஊர் பாக்கி அவருக்கு. எரிச்சலோடு காரியக்காரரின் பையைப் பிடுங்கி மேஜையில் கொட்டினார். "வரிசையா வந்து எடுத்துக்கிட்டுப் போங்க!"

காரியக்காரர் கத்தினார். "இன்னைக்கே களத்தக் காலி பண்ணணும், சொல்லிட்டேன்!" இரண்டு பேர் பயந்து ஒதுங்கினார்கள். மற்றவர்கள் எடுத்தார்கள்.

பொன்னுத்தாய் தன்னுடையதை முந்தானையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனாள். ஒரு நன்றி கிடையாது. சொல்ல வேண்டியதும் இல்லைதான். அந்நியம் என்று எழுதியவனே நான்.

காத்தானுக்குப் பொறுக்கவில்லை. "ஏம்மா, உனக்காக இவன் இவ்வளவு பேசிட்டான். ஓட்டு நம்ம சின்னத்துக்குத்தானே?"

அவள் திரும்பினாள்.

"மிராசுதாரும் இதத்தாங்க கேட்டாரு. போட்டப்புறமும் சொல்ல மாட்டேன்."

காத்தான் என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டே சைக்கிளை எடுத்தான்.