ஒன்பது கிலோ அழுத்தம்

காஜா பெராங் ஐஸ் ஆலையில் பொன்னுதுரைதான் பாய்லர்காரர். மலாயாவை ஜப்பான்காரன் பிடித்து இரண்டாவது வருடம். அரிசி கிடைக்காமல் மரவள்ளிக்கிழங்கைத் தின்று தின்று அவருக்குக் கால் வீங்கிப்போயிருந்தது. விறகைத் தள்ளிவிட்டு நிமிர்ந்தால் கண் இருட்டும்.

அந்த மாதம் பழைய இங்கிலீஷ் மீட்டர் உடைந்தது. அது நீராவி அழுத்தத்தை ராத்தலில், அதாவது பவுண்டில், காட்டும். சதுர அங்குலத்துக்குத் தொண்ணூறு ராத்தல், அதற்குமேல் அந்தப் பாய்லர் தாங்காது. ஆலையைப் பார்த்துக்கொண்ட ஜப்பான் அதிகாரி எங்கிருந்தோ ஒரு கப்பல் மீட்டரைக் கொண்டுவந்து மாட்டினார். அதில் சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ என்று கணக்கு. பழைய நோட்டில் தொண்ணூறு என்றிருந்ததைப் பார்த்தவர், ஒரு சுழியை எடுத்துவிட்டு, சுவரில் ஒன்பது என்று எழுதிவிட்டுப் போனார்.

சாப்பாட்டு வேளையில் பொன்னுதுரை ஒரு பலகையில் கரியால் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஒரு கிலோவுக்கு இரண்டு ராத்தலும் கொஞ்சமும். ஒரு சதுர அங்குலத்துக்குள் ஆறரை சதுர சென்டிமீட்டர். ஆக, புது மீட்டரில் ஒன்று என்றால் பழையதில் பதினாலு. ஒன்பது என்றால் நூற்று இருபத்தாறு. ஆறேகாலைத் தாண்டவே கூடாது.

மொழிபெயர்ப்பாளர் யூசுப் வழியாக அதிகாரியிடம் சொல்லிப் பார்த்தார். கன்னத்தில் ஓர் அறைதான் கிடைத்தது. ஆறேகாலில் சேஃப்டி வால்வு திறந்து ஆவியைக் கக்கியபோது, வால்வு கெட்டுவிட்டது, கம்பியால் கட்டு என்று உத்தரவு வந்தது. கட்டினார். மறுத்தவர்களைச் சயாம் ரயில் வேலைக்கு ஏற்றிவிடுவார்கள்; போனவர்கள் உயிரோடு திரும்புவது அபூர்வம்.

கட்டிவிட்டு யூசுப்பிடம் சொன்னார்:

“பாய், ஒன்பது வரைக்கும் ஏத்துறேன். ஆனா ஐயா என் பக்கத்துல நிக்கணும். அத அப்படியே சொல்லுங்க.”

“அப்படியே சொன்னா ரெண்டு பேருக்கும் அடி விழும் அண்ணே.”

“விழட்டும் பாய். எனக்கு நிக்கவே முடியல.”

யூசுப் எப்படிச் சொன்னாரோ, அதிகாரி வந்து நின்றார். மீட்டர் முள் ஏழைத் தொட்டதும் பாய்லர் தகடுகளின் ஆணி அடித்த ஓரங்களில் தண்ணீர் கசிந்தது. ஏழரையில் அது சீறத் தொடங்கியது. அதிகாரி கதவைப் பார்த்தார், பிறகு பொன்னுதுரையைப் பார்த்தார். பொன்னுதுரை அடுத்த விறகுக்குக் குனிந்தார். பயம் வரவேண்டிய இடத்தில் அவருக்கு அலுப்புதான் இருந்தது. அதிகாரி அவர் கையிலிருந்த கட்டையைப் பிடித்துக்கொண்டார். போதும் என்று மலாயில் சொல்லிவிட்டு, வேகமாக வெளியே போனார்.

பொன்னுதுரை நெருப்பை வெளியே இழுத்துப்போட்டார். நீளக் கொக்கியால் கம்பியை அவிழ்த்தார். ஆவி கூரையை முட்டியது.

மறுநாள் யூசுப் வந்தார். அளவு ஆறு என்று அதிகாரி தாமே கணக்குப் போட்டுக் கண்டுபிடித்துவிட்டாராம். இனி அதைத் தாண்டினால் பொன்னுதுரைக்குத் தண்டனையாம். சொல்லும்போதே யூசுப்புக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பொன்னுதுரைக்கு வரவில்லை. சரி என்றார். அன்றைக்கு வந்த ரப்பர் விறகு பச்சையாக இருந்தது. ஆறுக்கு ஏற்றுவதற்கே மத்தியானம் ஆகிவிட்டது.