திஹுவானாவில் புதைத்த பத்மநாதன்

ஊர் வளர்கிறது என்று லூப்பே அம்மா தொலைபேசியில் பெருமையாகச் சொன்னதும் கிறிஸ்துராஜாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திஹுவானாவில் பெரிய ரோட்டு வருகிறதாம், கடைத்தொகுதி வருகிறதாம். அதற்காக மலைச்சரிவில் கல்லறைகள் நிறைந்த சேமக்காலையை ஒரு கம்பெனி கிண்டப் போகிறதாம். செத்தவரின் குடும்பம் கையெழுத்து வைத்துக் கேட்டால் வேறு இடத்தில் கல்லறை. கேட்காத எலும்புகளெல்லாம் ஒரே கிடங்கில்.

நாசமாய்ப் போகட்டும் அந்த ஊர் என்று போனை அடித்து வைத்தான். இங்கிலீஷ் நகரத்தின் ரெய்னர்ஸ் லேனில் அவன் வீட்டுச் சுவர் அதிர்ந்தது.

எண்பத்தேழில் அவனையும் தம்பி செபமாலைமுத்துவையும் அமெரிக்க எல்லைக்கு இப்பால் அந்த மெக்சிக்கோ நகரத்தில் இறக்கிவிட்டு, எல்லை கடத்திவிடக் காசு வாங்கின ஏஜென்சிக்காரன் மாயமானான். லூப்பே அம்மாவின் பலகை வீட்டில் ஒதுங்கி, டயர்க் கடையில் வேலை செய்து மூன்று வருடம் கிடந்தான். கிழமைக்கொரு குன்றில் புது வீடுகள் முளைக்கும். பழைய டயர்களைப் படியாக அடுக்கிச் சனம் ஏறும். எங்கேயிருந்து வந்தாய் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். அதற்காகவே அவன் அந்த ஊரை நேசித்தான். காய்ச்சலில் தம்பி செத்தபோதும் அந்த ஊர் கேட்கவில்லை. பாஸ்போட்டில் இருந்த பெயரைச் சிலுவையில் எழுதிப் புதைத்தது. அது இன்னொருவருடைய பாஸ்போட்டில் தம்பியின் படத்தை ஒட்டித் தலைமாற்றினது. பெயர் பத்மநாதன்.

அசல் பத்மநாதன், கிறிஸ்துராஜா இருந்த நகரத்தின் மறுகோடியில், பார்க்கிங் என்ற பகுதியில் குத்துக்கல்லாட்டம் உயிரோடு இருந்தார். ஞாயிற்றுக்கிழமை கிறிஸ்துராஜா கம்பெனியின் கடதாசியோடு அவர் வீட்டுக்குப் போய், பதிவில் செத்தவர் பத்மநாதன் என்பதால், அவர் மனைவி சிவமலர் அக்காதான் செத்தவரின் மனைவி என்று கையெழுத்து வைக்க வேண்டும் என்றான்.

பத்மநாதன் தேத்தண்ணிக் கோப்பையை வைத்தார். "தாலியோட இருக்கிறவளை விதவை எண்டு எழுதச் சொல்லுறீரோ? அந்த ஊரும் முன்னேறத்தானே வேணும். எலும்பு எங்க கிடந்தா என்ன?"

கிறிஸ்துராஜா கடதாசியை மேசையில் விரித்து வைத்தான். இந்த மனுசனுக்கும் அந்தக் கம்பெனிக்கும் என்ன வித்தியாசம்? இரண்டு பேருக்கும் அவன் தம்பி வெறும் இடைஞ்சல்.

"ஒவ்வொரு நவம்பரும் லூப்பே அம்மா அந்தக் கல்லறையில மெழுகுதிரி கொளுத்தி உங்கட பேரைச் சொல்லிச் செபிக்கிறா, அண்ணை," என்றான். "என்ர தம்பியின்ர பேரை அங்க ஒருத்தரும் சொன்னதில்லை. அவன்ர செபத்தையும் நீங்கள்தான் திண்டு கொழுக்கிறீங்கள்."

பத்மநாதன் எழும்பி வாசலைக் காட்டினார். கிறிஸ்துராஜா கடதாசியை மடிக்கத் தொடங்கினான்.

குசினி வாசலில் நின்ற சிவமலர் வந்து அதைப் பறித்தாள். நெஞ்சில் கிடந்த தாலிக்கொடியை ஒரு விரலால் தூக்கிப் புருசனுக்குக் காட்டினாள்.

"பாஸ்போட்டை வித்த காசிலதானே இதைச் செய்வித்தனீங்கள்?" என்றாள். "தம்பி, பேனையைத் தாரும்."

விதவை என்று அச்சடித்திருந்த இடத்துக்கு நேரே, எழுத்தெழுத்தாக, தன் முழுப்பெயரையும் எழுதினாள்.