தூரியாவுக்குப் போட்ட குலவை

தூரியா கேட்டது ஒரு வீட்டுமனை. மத்தி மீனை டப்பாவில் அடைக்கும் ஆலையில் தலை கிள்ளிக் கிள்ளி விரல் மரத்துப்போனதற்கு அவள் வேறெதையும் கேட்கவில்லை.

வடக்கிலிருந்து எல்லை தாண்டி, லாயூன் என்ற இந்தப் பாலைவன நகரத்துக்குக் குடிவந்தவர்களுக்கு மனை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இந்த மண் யாருடையது என்ற வழக்கு அவள் பிறப்பதற்கு முன்பே தொடங்கி இன்னும் தீராமல் கிடக்கிறது. அவளுக்கு அந்த வழக்கு வேண்டாம். சொந்த ஊரான பெனி மெல்லாலைவிட இங்கே கூலி அதிகம், மாவும் சர்க்கரையும் மலிவு. வந்துவிட்டாள். கணவன் இத்தாலியில் இருப்பதாகக் கட்டடம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். அவன் இத்தாலியில் இருந்தது உண்மை. கணவனாக இருப்பதைத்தான் போன வருஷமே நிறுத்திவிட்டான்.

மனைக்குச் சிபாரிசு எழுத வேண்டியவர் மேல்மாடி ஹாஜி பூஷைப். இளவயதில், இந்த மண் எங்களுடையது என்று கொடியும் குர்ஆனும் ஏந்தி, பெருங்கூட்டத்தோடு நடந்தே எல்லையைத் தாண்டி வந்தவர். குடும்பங்களுக்குத்தான் முதலில் மனை என்று சொல்லி, கணவனின் கையெழுத்தைக் கேட்டார். மாடிப்படியில் நின்றபடியே தூரியா உண்மையைச் சொல்லிவிட்டாள்.

"விவாகரத்தா? இதப் படிக்கட்டுல வச்சா சொல்லுவே?"

"உங்க வீட்டுல எப்பவும் ஆள் இருக்கே, ஹாஜி."

"சரி மகளே, சொன்னத முழுங்கிடு. புருஷன் இத்தாலியிலயே இருக்கட்டும், கையெழுத்த நான் பாத்துக்கறேன். இங்க எதுக்கு வந்தேன்னு அதிகாரிங்க கேட்டா என்ன சொல்லுவே?"

"கூலிக்குன்னு."

"கூலிக்கு வந்தவ, கூலி கொறஞ்சா கிளம்பிடுவா. நாட்டுக்காக வந்தேன்னு சொல்லு."

"நீங்க அதுக்குத்தான் வந்தீங்களா?"

ஹாஜி சிரித்துவிட்டார். "எனக்கு அப்போ பசி. வந்தா ரொட்டியும் மத்தி டப்பாவும் தர்றோம்னாங்க. நடக்க நடக்கத்தான் நாடு வந்துது."

கீழ்வீட்டுக் கதவு ஒருக்களித்திருந்ததை இருவரும் கவனிக்கவில்லை. அது சல்காவின் வீடு. இந்த மண்ணின் பழைய குடி அவள். வடக்கிலிருந்து வந்தவர்களுக்கு ஒரு சலாமுக்கு மேல் கொடுக்கமாட்டாள். அந்த ஒரு சலாம்தான் தூரியாவுக்கு அன்றாடம் கிடைத்த பேச்சு.

ஞாயிற்றுக்கிழமை மதியம் தூரியாவின் வாசலில் முரசு அதிர்ந்தது. பெண்கள் சேர்ந்து குலவையிட்டார்கள்.

"கதவத் திற பொண்ணே! விடுதலை ஆயிட்டே, இதப் போய் மறைச்சா வைப்பாங்க? மருதாணி காயுது!" சல்காவின் குரல்.

சல்காவின் ஆட்கள் விவாகரத்தான பெண்ணைக் கல்யாணப் பெண்போல வரவேற்பார்கள். தூரியாவுக்கு அது தெரியாது. அவள் ஊரில் அந்தச் சேதி வந்த அன்று அம்மா ஜன்னலைச் சாத்தினாள், அவ்வளவுதான். கூட்டம் சேர்ந்து கேலி செய்ய வந்திருக்கிறது என்று எண்ணித் தாழ்ப்பாளைப் போட்டாள். அடுப்படித் தரையில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தாள்.

மேல்மாடிகளிலும் குலவை கேட்டது. இந்த மண்ணின் பெண்கள் கூடிக் குலவையிட்டால் வடக்கத்தியாருக்கு ஒன்றுதான் தோன்றும், மண்ணைத் திருப்பிக் கேட்கும் ஆர்ப்பாட்டம். யாரோ போன் செய்துவிட்டார்கள். ஜீப் வந்தது.

கதவுக்கு அந்தப்புறம் பூட்ஸ் சத்தம். தூரியா காதிலிருந்து கையை எடுத்தாள்.

"எதுக்குக் குலவை போட்டீங்க?"

"சந்தோஷம் வந்துச்சு, போட்டோம்," என்றாள் சல்கா.

"என்ன சந்தோஷம்?"

"அது அடுத்த வீட்டு சமாச்சாரம். உங்ககிட்ட சொல்ல எனக்கு உரிமை இல்ல, தம்பி."

"அப்ப ஸ்டேஷன்ல வந்து சொல்லுங்க. ஏறுங்க வண்டியில."

தூரியா எழுந்து கதவருகே வந்தாள். கேலி செய்ய வந்தவள் இப்படிக் காப்பாற்றமாட்டாள். தாழ்ப்பாளில் கை வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். கதவைத் திறந்தால் மனை இல்லை.

திறந்தாள். படிகள் நிறைய அக்கம்பக்கத்தார். முரசு கவிழ்ந்து கிடந்தது. ஒரு போலீஸ்காரர் சல்காவின் கையைப் பிடித்திருந்தார். நடுப்படியில் நின்ற ஹாஜி, வேண்டாம் என்பதுபோல் மெல்லத் தலையசைத்தார்.

"எனக்குப் போட்ட குலவை சார். என் புருஷன் என்னை விவாகரத்து பண்ணிட்டான்."

"அப்போ இத்தாலி?" என்றாள் மாடியிலிருந்து ஒருத்தி.

"இத்தாலி அங்கயேதான் இருக்கு."

போலீஸ்காரர் கையை விட்டுவிட்டுச் சிரித்தார். "இதுக்கெல்லாமா கொண்டாட்டம்? என் பொண்டாட்டி காதுல விழாம இருக்கணும்." ஜீப் போனது. அக்கம்பக்கத்தார் கலைந்தார்கள்.

"இத்தன பேர் கேட்டாச்சு. இனிமே நான் என்னத்த எழுத, மகளே," என்று ஹாஜி அவள் முகத்தைப் பார்க்காமலே மேலே ஏறினார்.

"கேலி பண்றீங்கன்னு நெனச்சேன், அக்கா."

"கேலி பண்றவ காலையில இருந்து மருதாணி கரைச்சிட்டு இருப்பாளா?"

"இப்ப வாங்களேன். டீ போடறேன்."

சல்கா முரசைத் தூக்கித் தூசி தட்டினாள். அவளோடு வந்த இளம்பெண் சுவரில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தாள். "இவள மொதல்ல வீட்ல சேர்க்கணும். போன தடவ இவ அண்ணனத்தான் ஜீப்புல ஏத்திட்டுப் போனாங்க." பிறகு, கோபமில்லாமலே, "முதல் தட்டுலயே திறந்திருக்கலாம் நீ," என்றாள்.

அவர்கள் மருதாணிக் கிண்ணத்தை எடுக்காமலே போய்விட்டார்கள். தூரியா அதை உள்ளே கொண்டுவந்து ஜன்னலோரம் உட்கார்ந்தாள். இடது உள்ளங்கையில் தானே பூசிக்கொண்டாள், விரல் நுனிகளுக்கும் தொப்பி வைத்தாள். வலது கைக்கு இன்னொருத்தர் வேண்டும். காயும்வரை எதையும் தொடக்கூடாது என்பதால் கையை விரித்து வைத்தபடி இருந்தாள்.